மூச்சும் வாய்மையும்

தன் உடல்நலம் பற்றிய செய்தி தனக்கே உரியது என்று ஒவ்வொருவரும் கருதுகிறோம். நம் நோயை நாம் விரும்பியவரிடம் சொல்கிறோம், விரும்பாதவரிடம் மறைக்கிறோம். அதைத் துருவிக் கேட்கும் உரிமை அயலாருக்கு இல்லை என்பதில் உறுதியாகவும் இருக்கிறோம். இது நியாயமே. ஆனால் ஒரு மனிதரின் நுரையீரல் இயங்கும் விதம், அவருக்குப் பின்னே அமர்ந்திருக்கும் இருநூறு பேரின் உயிரோடு பிணைந்துவிடுமானால், அந்நுரையீரலைப் பற்றிய உண்மை யாருக்கு உரியது? அதை அறிவிக்க அவர் எந்த அளவுக்குக் கடமைப்பட்டவர்? அறிவித்ததன் விளைவாக அவர் தம் பிழைப்பையே இழப்பாரானால், அவருக்குச் சமுதாயம் செய்ய வேண்டிய கைம்மாறு என்ன?

விமானம் ஓட்டுவோருக்கு வழங்கப்படும் மருத்துவச் சான்றிதழைப் பற்றி, சிறப்பாக நாள்பட்ட நுரையீரல் நோயுற்ற விமானிகளைப் பற்றிச் சிந்திக்கும்போது எழும் வினாக்கள் இவை. இந்நோயை நாம் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. மாரடைப்பு திடீரென வந்து தன்னை அறிவித்துக்கொள்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்கிறது. மாடிப்படி ஏறுகையில் சற்று இளைப்பு, காலையில் கொஞ்சம் சளி, குளிர்நாளில் விடாத இருமல். இவற்றுக்கு வயதின்மேலும் வானிலையின்மேலும் பழிபோடுவது எளிது. எனவே மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இந்நோய் இடம் தருவதுபோல் வேறு எதுவும் தருவதில்லை. அறநெறிச் சிந்தனைக்கு இது தகுந்த களம்.

ஐம்பத்திரண்டு வயதுள்ள ஒரு விமானியை நம் மனக்கண்முன் நிறுத்துவோம். முப்பதாண்டு அனுபவம் உள்ளவர். ஒரு விபத்தும் இல்லாதவர். வீட்டுக்கடன் முடியவில்லை; பிள்ளைகளின் படிப்பும் முடியவில்லை. ஓராண்டாக அவருக்கு மூச்சு இளைக்கிறது. அடுத்த மருத்துவச் சோதனைக்கு மூன்று மாதமே உள்ளது. அவர் என்ன செய்ய வேண்டும்? இக்கட்டுரை முழுவதும் அவர் நம்மோடு இருக்கட்டும்.

உயரமும் உயிர்வளியும்

முதலில் இயற்கை என்ன சொல்கிறது என்று கேட்போம். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் விழுக்காடு குறைவதில்லை. எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். 35,000 அடி உயரத்தில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே மனிதன் உயிர் வாழ்வதற்காக விமானத்தின் உட்புறம் அழுத்தமூட்டப்படுகிறது. எனினும் அது கடல்மட்ட அளவுக்கு உயர்த்தப்படுவதில்லை. வழக்கமான பறத்தலில் உள்ளறை 8,000 அடி மலையின் நிலையைத் தாண்டலாகாது என்பதே பயணிகள் விமானங்களின் வடிவமைப்பு விதி. ஆகவே நீண்ட பயணத்தில் விமானி ஓர் உயர்ந்த மலையின்மேல் அமர்ந்தே பல மணி நேரம் பணியாற்றுகிறார். அவ்வுயரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் 15 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். நலமான உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். காற்றுக்குழல்கள் சுருங்கி, நுண்ணறைகள் சிதைந்த நுரையீரலுக்கோ இதுவே பெரும் சுமை. சிதைந்த இடங்களில் காற்றுக்குமிழ்கள் இருக்குமானால் வேறோர் ஆபத்தும் உண்டு. அழுத்தம் குறையும்போது அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் விரியும். குமிழ் வெடித்தால் நுரையீரல் சுருங்கிவிடும்.

ஆனால் ஆக்சிஜன் குறைவின் மிகக் கொடிய தன்மை இதுவன்று. அது முதலில் தாக்குவது தீர்ப்பிடும் அறிவை. 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பிரான்சு நாட்டில் 'செனித்' என்னும் பலூனில் மூவர் வானேறினர். குறைந்த அழுத்தத்தின் விளைவுகளை ஆராய்ந்துவந்த அறிஞர் போல் பெர், அவர்கள் கொண்டுசெல்லும் ஆக்சிஜன் போதாது என்று எச்சரித்து எழுதிய மடல் உரிய காலத்தில் சென்று சேரவில்லை. 8,000 மீட்டருக்கும் மேலே மூவரும் நினைவிழந்தனர். குரோசே ஸ்பினெல்லி, சிவேல் இருவரும் மாண்டனர். உயிர் தப்பிய கஸ்தோன் திசான்தியே பின்னர் எழுதிய செய்தி சிந்தனைக்குரியது: அந்நேரத்தில் அவருக்கு வேதனை இல்லை, அச்சம் இல்லை, உள்ளத்தில் ஒருவகை மகிழ்ச்சியே நிறைந்திருந்தது. ஆக்சிஜன் குழாய் அருகிலேயே இருந்தது. அதை எடுக்கக் கை எழவில்லை.

நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், சைப்ரசு நாட்டின் ஹீலியோஸ் நிறுவனத்து விமானம் ஏதென்சுக்கு அருகே வீழ்ந்து 121 பேர் மாண்டனர். அழுத்தமூட்டும் கருவியின் திருகு தவறான நிலையில் விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒலித்தது, அதை விமானிகள் வேறொன்றின் எச்சரிக்கையாகப் புரிந்துகொண்டனர். சிறிது நேரத்தில் இருவரும் செயலிழந்தனர். அவர்கள் நுரையீரல் நோயாளிகள் அல்லர். நலமானவருக்கே இந்நிலை எனில், நெருக்கடி நேரத்தில் ஏற்கெனவே குறைந்த மூச்சுள்ளவருக்குக் கிடைக்கும் கணங்கள் எத்துணைச் சில!

மூச்சுக் குறைந்த மனிதன் தனக்கு மூச்சுக் குறைந்ததை அறியமாட்டான் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் கற்பிக்கும் பாடம். தன் வழக்கில் தானே நீதிபதியாதல் கூடாது என்பது பழைய நீதி மரபு. அம்மரபு தன்னலத்தைக் கருதி எழுந்தது. இங்கோ உடலியலே அதற்குச் சான்று பகர்கிறது. "எனக்கு ஒன்றும் இல்லை; நான் நன்றாக உணர்கிறேன்" என்னும் சொல், வேறு நோய்களில் ஓரளவு சான்றாகலாம். இந்நோயில் அது சான்றாகாது.

சட்டம் எதைக் கேட்கிறது?

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் அடிப்படையில் அமைந்த பன்னாட்டு விதிகள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ளவரைத் தகுதியற்றவராகக் கொள்கின்றன. ஆனால் உடனே ஒரு விலக்கையும் தருகின்றன. சிறந்த மருத்துவ நடைமுறைப்படி ஆராய்ந்து, பணியின் பாதுகாப்புக்கு அவர் நிலை இடையூறாகாது என்று கண்டால் தகுதி அளிக்கலாம். அமெரிக்காவின் கூட்டரசு வானூர்தி நிர்வாகமும் இவ்வாறே செய்கிறது. விதியின்படி முழுத்தகுதி பெறாதவரை அதன் தலைமை மருத்துவர் தனித்தனியே ஆராய்ந்து, காலவரம்புள்ள சிறப்பு அனுமதி வழங்கலாம். ஆகவே நோயின் பெயரைக் கண்ட மாத்திரத்தில் கதவு நிரந்தரமாக அடைபடுவதில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். நம் ஐம்பத்திரண்டு வயது விமானி இதை அறியாதிருந்தால், அவருடைய அச்சத்தின் ஒரு பகுதி அறியாமையால் விளைந்தது.

அந்நாட்டு விண்ணப்பப் படிவம், ஆஸ்துமாவோ நுரையீரல் நோயோ எப்போதேனும் இருந்ததுண்டா என்று நேராகக் கேட்கிறது. உண்ணும் மருந்துகளைக் கேட்கிறது. மூன்றாண்டுகளில் சந்தித்த மருத்துவர்களையும் கேட்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை தண்டமும் விதிக்கப்படலாம். நாற்பது வயதைக் கடந்த முதல்வகுப்புச் சான்றாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இச்சோதனைக்கு உட்பட வேண்டும். ஆண்டுக்கு இருமுறை தம் பிழைப்பைத் தராசில் வைக்கும் தொழில்கள் உலகில் மிகச் சிலவே.

தகுதி நீக்கம் தண்டனையா?

இனி அறநெறி வினாக்களுக்கு வருவோம். நோய் குற்றமன்று. குற்றமில்லாதவரிடமிருந்து தொழிலைப் பறிப்பது நீதியாகுமா?

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காண வேண்டும். தண்டனை கடந்த காலத்தை நோக்குகிறது. செய்த செயலுக்கு ஏற்ப அளக்கப்படுகிறது. சான்றிதழ் வருங்காலத்தை நோக்குகிறது. செய்யப்போகும் பணிக்கு ஏற்ப அளக்கப்படுகிறது. இதை விளக்க இந்நோயைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஒருவர் முப்பதாண்டு புகைபிடித்ததால் நோயுற்றார். மற்றவர் வாழ்நாளில் புகைத்ததே இல்லை. 1963ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டறிந்த ஒரு பிறவிக் குறைபாட்டால், நுரையீரலைக் காக்கும் புரதம் ஒன்று குருதியில் குறைந்து அதே நோய்க்கு ஆளானார். முன்னவருக்குத் தம் நோயில் பங்குண்டு, பின்னவருக்கு இல்லை. ஆயினும் இருவரும் ஊதும் மூச்சின் அளவு ஒன்றேயாயின் சான்றிதழ் வழங்குவோர் இருவருக்கும் ஒரே விடையே தர வேண்டும். புகைத்தவரிடம் கூடுதல் கடுமையோ, புகைக்காதவரிடம் கூடுதல் இரக்கமோ இங்கே இடம்பெறலாகாது. பழியும் பாராட்டும் கலவாத தீர்ப்பே இங்கு நீதியான தீர்ப்பு.

தகுதி நீக்கம் தண்டனை அன்று என்பதை ஏற்றால் அதன் மறுபக்கத்தையும் ஏற்கக் கடமைப்படுகிறோம். குற்றம் செய்யாதவர் பொதுநலனுக்காக ஓர் இழப்பை ஏற்கிறார். குற்றவாளி தம் இழப்புக்கு ஈடு கேட்க இயலாது, குற்றமற்றவர் கேட்கலாம். நம்முடைய பாதுகாப்புக்காக ஒருவர் தம் வாழ்க்கைத் தொழிலைத் துறக்கிறார் எனில், அவருடைய இழப்பின் பயனை நுகர்வோர் நாம். பயனை நாம் பெற்றுக்கொண்டு, சுமையை அவரொருவர் தலைமேல் ஏற்றிவிட்டு அகல்வது பகிர்வு நீதிக்கு ஒவ்வாது.

அளவுகோலின் நேர்மை

தீர்ப்பு நீதியாயிருக்க அளவுகோல் நேராயிருக்க வேண்டும். மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியை 1846ஆம் ஆண்டு ஆங்கில அறுவை மருத்துவர் ஜான் ஹட்சின்சன் உலகுக்கு அறிவித்தார். ஆயிரக்கணக்கானோரின் மூச்சை அளந்த அவர், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அது பயன்படும் என்று கண்டார். ஆக, மனிதரைத் தேர்ந்தெடுக்கவும் தள்ளவும் பயன்படும் தன்மை இக்கருவியோடு தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது.

இன்று இரண்டு எண்கள் முதன்மையாகப் பார்க்கப்படுகின்றன: முழுமூச்சாக ஊதும் காற்றின் மொத்த அளவு ஒன்று, அதில் முதல் நொடியில் வெளிவரும் அளவு மற்றொன்று. காற்றுக்குழல் விரிக்கும் மருந்து கொடுத்த பின்னும் இரண்டாவது முதலாவதில் 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அடைப்பு நோய் எனக் கொள்வது மருத்துவ வழக்கம். ஆனால் ஒருவருடைய அளவு குறைவா நிறைவா என்பதை அவர் வயது, உயரம், பால் ஆகியவற்றோடு ஒப்பிட்டே சொல்ல இயலும். அமெரிக்காவில் நெடுங்காலம் இவற்றோடு இனமும் சேர்க்கப்பட்டது. கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 விழுக்காடும், ஆசியருக்கு 4 முதல் 6 விழுக்காடும் எதிர்பார்ப்பைக் குறைத்துக் கணக்கிட்டனர். அவர்களுடைய நுரையீரல் இயல்பிலேயே சிறியது என்பது கருத்து. 2023ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மார்புநோய் மருத்துவர் சங்கம் இனம் கலவாத கணக்கீட்டைப் பரிந்துரைத்தது.

இதனால் நேர்ந்த விளைவு எளிமையானதன்று. பழைய கணக்கில் நோயுற்ற கறுப்பினத்தவர் பலர் நலமானவர் எனக் கருதப்பட்டு மருத்துவ உதவியை இழந்தனர். புதிய கணக்கிலோ, மூச்சளவைத் தகுதியாகக் கேட்கும் வேலைகளில் அவர்களுள் சிலர் வேலையை இழக்கக்கூடும். ஒரே எண் மருத்துவமனையில் ஒருவருக்கு நன்மையும் வேலைவாய்ப்பகத்தில் தீமையும் செய்ய வல்லது. எண்ணுக்குள்ளும் மனிதத் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ஆகவே எண்ணோடு தீர்ப்பு முடிந்துவிடக் கூடாது. அந்த மனிதரை நேரில் ஆராயும் வழி திறந்திருக்க வேண்டும். சிறப்பு அனுமதி என்னும் ஏற்பாட்டைச் சலுகை என்று சொல்வது தவறு. பொதுவிதி தனிமனிதனிடம் தவறும் இடத்தில் அதைத் திருத்தும் நேர்மை என்று அரிஸ்டாட்டில் எதைச் சொன்னாரோ அதுவே இது.

மறைத்தலும் அறியாதிருத்தலும்

இப்போது நம் விமானியிடம் திரும்புவோம். அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. மருத்துவரிடம் போய் உண்மையை அறிந்து அதை அறிவிப்பது முதல் வழி. உண்மையை அறிந்து மறைப்பது இரண்டாம் வழி. மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுவது மூன்றாம் வழி.

இரண்டாம் வழியை ஆராய்வது கடினமன்று. கேட்கும் உரிமை இல்லாதவரிடம் உண்மையைச் சொல்லாதிருப்பது பொய்யாகாது என்று அறநெறியாளர் பலர் விவரித்துள்ளனர். அடுத்த வீட்டார் நம் நோயைக் கேட்டால் மழுப்பலாம். ஆனால் இங்கே கேட்பவர் யார்? படிவத்தின் பின்னே இருக்கும் அலுவலர் தமக்காகக் கேட்கவில்லை. விமானத்தில் ஏறப்போகும், பெயர் தெரியாத மக்களுக்காகக் கேட்கிறார். அவர்கள் ஒவ்வொருவரும் விமானியின் அறைக்குள் சென்று, "ஐயா, உமக்கு உடம்பு சரியாயிருக்கிறதா?" என்று கேட்க இயலாது. ஆகவே தம் வினாவை ஒரு தாளில் எழுதி அரசிடம் கொடுத்துள்ளனர். அந்த வினாவுக்குப் பொய்விடை எழுதுவது அரசை ஏமாற்றுவதாகத் தோன்றும். உண்மையில் ஏமாற்றப்படுபவர் நம்பி ஏறி அமர்ந்த பயணி.

இவ்வழியில் சென்றோர் உளர். கலிபோர்னியாவின் வடபகுதியில் சுமார் 40,000 விமானிகளின் பெயர்களை, உடல் ஊனத்துக்காக அரசு உதவி பெறுவோரின் பெயர்ப்பட்டியலோடு அதிகாரிகள் ஒப்பிட்டனர். வானூர்தி நிர்வாகத்திடம் நலமானவர் என்றும், உதவித்தொகை வழங்கும் துறையிடம் நோயாளி என்றும் சொன்னவர் சிலர் வெளிப்பட்டனர். 2005ஆம் ஆண்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஓரிடத்தில் நலமும் மற்றோரிடத்தில் நோயும் கொண்டாடிய இந்த இரட்டை நாவுக்கு நாம் வாதாட இயலாது. அதே வேளையில், மக்கள் ஒரு நோக்கத்துக்காகத் தந்த மருத்துவச் செய்திகளை அரசுத்துறைகள் வேறொரு நோக்கத்துக்காகப் பரிமாறிக்கொண்டதும் நம் கவலைக்குரியதே. அவ்விமானிகளுள் ஒருவர் தொடுத்த வழக்கு 2012ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அரசு அந்தரங்கத்தை மீறியதால் மனவேதனை உற்றவருக்கு அச்சட்டத்தின்கீழ் இழப்பீடு இல்லை என்று ஐந்து நீதிபதிகளும், உண்டு என்று மூவரும் கருதினர். உண்மையை வெளிக்கொணரும் வழியும் உண்மையைப் போலவே நேர்மையாயிருக்க வேண்டும் என்னும் கருத்து அம்மூவரோடு முடிந்துவிடக் கூடாது.

மூன்றாம் வழியே மிகுந்த கவனத்துக்குரியது. அமெரிக்க விமானிகள் 3,765 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களுள் 56 விழுக்காட்டினர், சான்றிதழ் பறிபோகும் என்னும் அச்சத்தால் மருத்துவ உதவியை ஏதேனும் ஒருவகையில் தவிர்த்ததாகக் கூறினர். பாதிக்கும் மேற்பட்டோர்! இவர்களெல்லாம் பொய்யர் அல்லர். இவர்களுள் பலர் படிவத்தில் ஒரு பொய்யும் எழுதாதவராயிருக்கலாம். எழுதுவதற்கு எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அறநெறி நூல்கள் இதற்கு ஒரு பெயர் வைத்துள்ளன: விரும்பி மேற்கொண்ட அறியாமை. அறிய இயலாததால் அறியாதிருப்பவன் குற்றமற்றவன். அறிந்தால் நடக்க வேண்டியிருக்கும் என்று அஞ்சி அறியாதிருப்பவனுக்கு அவ்வறியாமை புகலிடம் ஆகாது. அதுவே அவன் செய்த செயல் என்று அக்குவினாசு தோமா கற்பித்தார். மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கும் விமானி, "ஒன்றும் இருக்காது" என்று தமக்குள் சொல்லிக்கொள்ளும்போது அவருக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கிறது. தெரியாதவருக்கு அவ்வாறு சொல்லிக்கொள்ளத் தேவையே எழாது.

ஆனால் நம் தீர்ப்பு இத்துடன் நின்றால் அது அரைத்தீர்ப்பு. நூற்றில் ஒருவர் தவறினால் தவறு அவரிடம். நூற்றில் ஐம்பத்தாறு பேர் தவறினால் வழியையும் சோதிக்க வேண்டும். உண்மை சொல்பவர் வீட்டுக்கு அனுப்பப்படுவதும், அவர் கோரிய சிறப்பு அனுமதிக்கு மாதக்கணக்கில் விடை வாராதிருப்பதும், அதுவரை ஊதியத்துக்கு வழியில்லாதிருப்பதும் சேர்ந்து, உண்மைக்கு ஒரு விலையை நிர்ணயிக்கின்றன. அவ்விலையை ஒரு குடும்பத்தால் செலுத்த இயலாத அளவுக்கு உயர்த்திவிட்டு, "ஏன் பொய் சொன்னாய்?" என்று கேட்கும் அமைப்பு அந்தப் பொய்யில் பங்காளி ஆகிறது.

மருத்துவர் எந்தப் பக்கம்?

விமானியைச் சோதிக்கும் மருத்துவர் இருவகைப்படுவர். சான்றிதழ் தரும் மருத்துவர் அரசின் சார்பில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் சொல்வது அரசிடம் சொல்வதே என்பது இருவருக்கும் தெரியும். சிகிச்சை தரும் மருத்துவரோ நோயாளியின் நம்பிக்கைக்கு உரியவர். தம்மிடம் இருமலோடு வந்தவர் விமானி என்று அறிந்து, மூச்சளவு மிகக் குறைந்திருப்பதையும் கண்டு, அவர் நாளையும் பறக்கப்போகிறார் என்று உணரும் மருத்துவர் என்ன செய்வது?

2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஆல்ப்சு மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணைவிமானியே மோதச் செய்தார். 150 பேர் மாண்டனர். அவருடைய நோய் மனநோய், நுரையீரல் நோயன்று. ஆயினும் நம் வினா அங்கே முழுவடிவில் எழுந்தது. மருத்துவர்கள் அவருக்குப் பணிவிடுப்புச் சான்று தந்திருந்தனர். அச்செய்தி நிறுவனத்துக்கோ அதிகாரிகளுக்கோ எட்டவில்லை. விசாரித்த பிரெஞ்சு அமைப்பு, பொதுமக்களுக்கு ஆபத்து நேரும் நிலையில் மருத்துவர் எப்போது இரகசியத்தை விலக்கலாம் என்பதைத் தெளிவான விதியாக்குமாறு பரிந்துரைத்தது. கூடவே, உரிமத்தை இழக்கும் விமானிகளின் பொருளாதார இழப்பைத் தணிக்கவும் பரிந்துரைத்தது. இவ்விரு பரிந்துரைகளும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. பின்னது இன்றி முன்னது மட்டும் நடைமுறையானால், விமானிகள் மருத்துவரையே அண்டமாட்டார்கள்.

எனவே படிமுறை ஒன்றைக் கொள்வது நன்று. முதலில் மருத்துவர் நோயாளியிடம் தெளிவாகப் பேசி, அவரே அறிவிக்குமாறு தூண்ட வேண்டும். அறிவித்தபின் என்ன நேரும் என்பதையும் கூறித் துணைநிற்க வேண்டும். எல்லா முயற்சியும் தோற்று, உயிர்களுக்கு உடனடியான ஆபத்து உறுதிப்பட்ட பின்னரே இரகசியம் விலகலாம். அப்போதும் தேவையான செய்தி மட்டும், தேவையானவருக்கு மட்டும். நோயாளிக்குத் தெரியாமல் அல்ல.

எவ்வளவு உறுதி போதும்?

அறநெறி வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் உவமை ஒன்று உண்டு. புதரில் ஏதோ அசைகிறது. மானா மனிதனா என்று வேட்டைக்காரனுக்குத் தெரியவில்லை. மானாயிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொல்லி அவன் அம்பெய்யலாமா? கூடாது. பிறர் உயிர் ஐயத்தில் இருக்கும்போது பாதுகாப்பான வழியையே தேர வேண்டும்.

இவ்வுவமையைக் காட்டி, நுரையீரல் நோயின் நிழல் படிந்த எவரையும் பறக்கவிடலாகாது என்று வாதிடுவோர் இருக்கலாம். ஆனால் வேட்டைக்காரன் அம்பெய்யாவிட்டால் மான் மட்டுமே தப்பும். விமானியை நிறுத்தினால் ஒரு குடும்பம் வருமானம் இழக்கும். மேலும் எவ்வித ஆபத்தும் இல்லாத விமானி என்று ஒருவரும் பிறந்ததில்லை. ஆபத்தே கூடாது என்றால் எல்லா விமானங்களும் தரையில்தான் நிற்க வேண்டும்.

1980களில் ஐரோப்பிய இதயநோய் அறிஞர் ஓர் அளவை முன்வைத்தனர். ஒரு விமானி ஓராண்டில் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கு மேற்படாதிருந்தால், இருவர் ஓட்டும் விமானத்தில் அவர் பறக்கலாம். இக்கணக்கின் அடிப்படை இது: ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்பது ஏறத்தாழப் பத்து இலட்சம் மணி நேரத்துக்கு ஒன்று. ஏற்றமும் இறக்கமுமான ஆபத்து மிகுந்த பகுதி பயணத்தில் பத்தில் ஒரு பங்கே. அப்போது செயலிழந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை உடனிருப்பவர் பொறுப்பேற்றுவிடுவார். ஆகவே விபத்து நூறு கோடி மணி நேரத்துக்கு ஒன்றாகக் குறைகிறது. மனித உயிரைக் கணக்கில் அடைக்கலாமா என்று மனம் உறுத்தலாம். ஆனால் கணக்கிடாத அச்சமும் ஒரு கணக்கையே போடுகிறது. அதன் விடையைத் தனியொருவர் தலையில் எழுதிவிடுகிறது. தெளிவாகச் சொல்லப்பட்ட அளவு, எல்லாருக்கும் ஒன்றாயிருக்கிறது; அதை எதிர்த்து வாதிடவும் இயலுகிறது. எனினும், மெல்ல மெல்ல அறிவை மங்கச்செய்யும் நுரையீரல் நோய்க்கு, திடீர் மாரடைப்பை எண்ணி வகுத்த இவ்வளவு மட்டும் போதாது. ஆகவேதான் குருதியில் ஆக்சிஜன் நிலை, உழைப்பைத் தாங்கும் திறன், நோய் முற்றும் வேகம் ஆகியவை தனித்தனியே ஆராயப்பட வேண்டியுள்ளன.

இங்கு நாம் காண வேண்டிய இன்னோர் உண்மை உண்டு. கடுமையான விதியே பாதுகாப்பான விதி என்று எண்ணுவது பிழை. விதி கடுமையாகுந்தோறும் மறைப்போர் பெருகுவர். மறைப்போர் பெருகுந்தோறும் கண்டறியப்படாத, சிகிச்சை பெறாத நோயோடு பறப்போர் பெருகுவர். மருந்துண்டு, கண்காணிப்பில் இருந்து, தம் நிலையை அறிந்து பறக்கும் நோயாளியைவிட, ஏட்டில் நலமானவராக இருக்கும் மறைநோயாளியே பேராபத்து. பாதுகாப்பான வழியைத் தேர வேண்டும் என்னும் அதே நெறிதான், உண்மையைச் சொல்வதற்கு எளிதான வழியையும் அமைக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது.

ஒவ்வொருவருக்கும் உரிய கடன்

முடிவாகத் தொகுத்துக் கூறுவோம். அரசின் கடன்: அளவுகோலை நேராக்கி, அதை யாவரும் அறியச் செய்து, ஆராய்ந்து விரைவில் விடை சொல்வது, மேல்முறையீட்டின் கதவைத் திறந்து வைப்பது. நிறுவனத்தின் கடன்: வானில் பணி இழந்தவருக்குத் தரையில் பணி தருவது. பயிற்சியளிக்கவும் திட்டமிடவும் முப்பதாண்டு அனுபவம் பயன்படாது என்று யார் சொல்வார்? உரிமம் இழப்போருக்கான காப்பீட்டில் பங்கேற்பதும் அதன் கடனே. உடன்பணியாற்றுவோரின் கடன்: நண்பரின் மூச்சிளைப்பைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடாமை. நட்பு என்னும் பெயரால் காக்கும் அமைதி, நண்பரையும் காப்பதில்லை. பயணிகளாகிய நம் கடன்: குறைந்த கட்டணத்தை மட்டும் கேட்காமல், நம்மைச் சுமந்து செல்வோர் நேர்மையாக நோயுறவும் உரிமை பெற்றுள்ளனரா என்று கேட்பது.

விமானியின் கடன் யாது? அவர் மருத்துவரிடம் போக வேண்டும். சோதனைக்கு மூன்று மாதம் இருக்கிறது. இன்றே போக வேண்டும். முடிவு தெரியும்வரை விமானத்தைத் தொடலாகாது. தமக்குப் பறக்கத் தடையான நோய் உண்டென்று அறிந்தவர், கையில் சான்றிதழ் செல்லுபடியாகும் நாளிலும் பறக்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டமுமாகும். தாளில் எஞ்சியிருக்கும் நாட்கள் மூச்சில் எஞ்சியிருப்பதாகப் பொருளில்லை. சிகிச்சையால் அவர் மீண்டும் பறக்கலாம், பறவாமலும் போகலாம். இரண்டாவது நேர்ந்தால் அது பெரிய இழப்புத்தான். அதைச் சிறிதென்று சொல்லித் தேற்ற நமக்கு உரிமை இல்லை.

ஆனால் முப்பதாண்டுகளாக அவர் இறக்கிவிட்ட மனிதர் எத்தனை ஆயிரம்! அவர்களுள் ஒருவரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருந்ததில்லை. அவர் உண்மையாயிருப்பார் என்று நம்பிக் கண்ணயர்ந்தனர். அந்நம்பிக்கைக்கு அவர் இதுவரை செய்த கைம்மாறு பத்திரமாகத் தரையிறக்கியது. இனி, மூச்சிளைக்கிறது என்று வாய்திறந்து சொல்வதே அவர்களைப் பத்திரமாகத் தரையிறக்கும் செயலாகிறது. அதைச் சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். சொன்னவரைத் தாங்கும் அறம் நமக்கு வேண்டும்.